கம்பளை த்ரீவீல் அண்ணனுக்கு நன்றி

நேத்து அம்மாயிய கூட்டிக்கிட்டு கம்பளை பக்கம் ஓல்ட் பீக்கொக் தோட்டத்துல இருக்கிற தேயிலை தொழிலாளர் மியூசியத்துக்கு போனோம், தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடான பழைய லயத்தையே மியூசியமா வச்சிருக்காங்க. பாதி வழியில மழை புடிச்சிருச்சு, ஒரு த்ரீவீல் அண்ணன் தானா நிப்பாட்டி ஏத்திக்கிட்டு போயி அம்மாயிய கைத்தாங்கலா வாசல் வரைக்கும் கொண்டு விட்டாரு. உள்ள கொழுந்து கூடைய பாத்ததும் அம்மாயி கயித்த தலையில மாட்டுற மாதிரி கைய தூக்கி காட்டுனாங்க, 1948ல இலங்கை பிரஜாவுரிமை சட்டம் வந்து அவங்க அப்பாவுக்கு பிரஜாவுரிமை போன கதையும் அங்கதான் சொன்னாங்க, வீட்டுல ஒருநாளும் வாய் தொறந்ததில்ல. வெளிய வந்தா அண்ணன் இன்னும் வெயிட் பண்றாரு, காசும் வாங்கல, பேர கேக்கவும் மறந்துட்டேன் மடச்சி. ரொம்ப நன்றிண்ணே, அம்மாயி உங்களுக்கு ரொட்டியும் கட்டசம்பலும் செஞ்சு தரணுமாம்.