படிவத்தையாவது தாருங்கள்: கவுன்சில் வீட்டு மானியப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய வீட்டு மானியப் பிரிவு அதிகாரிகளுக்கும், இலண்டனில் எங்கள் வட்டாரக் கவுன்சிலர்களுக்கும்,

வணக்கம். அப்பாவின் கோப்பு உங்களிடம் இருக்கிறது. பக்கவாதம் வந்தது, இடப்பக்கம் வழங்காமல் போனது, உங்கள் ஓ.ரி. (இயலாமையோடு அன்றாடம் வாழ வழி சொல்லும் சிகிச்சையாளர்) வீட்டுக்கு வந்து அளந்து பார்த்தது எல்லாம் அதில் உண்டு. கீழ்த்தளத்தில் படியில்லாத ஷவரும் ரொய்லெட்டும் வேண்டும் என்று எழுதியது அந்த அம்மாதான். மாடிப்படி ஒடுக்கம், ஸ்டெயர்லிஃப்ட் சரிவராது என்று எழுதியதும் அவர்தான். ஆகவே பழைய கதையை விட்டுவிட்டு, போன வாரம் நீங்கள் அனுப்பிய கடிதத்துக்கு வருகிறேன்.

இந்த வேலைக்கான மானியத்துக்கு அப்பா காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறாராம். அவருக்கென்று ஒரு கேஸ் ஆபீசர் கிடைத்த பிறகுதான் விண்ணப்பப் படிவம் அனுப்புவீர்களாம். அது எப்போது என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

மாற்றுத்திறனாளிக்கு ஏற்றபடி வீட்டை மாற்றுவதற்கான, நாங்கள் டி.எஃப்.ஜி. என்று சொல்லும் இந்த மானியம் நீங்கள் மனமிரங்கித் தருகிற தானம் அல்ல. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தகுதியுள்ளவருக்கு அதைக் கொடுத்தே ஆகவேண்டும். விண்ணப்பம் கையில் கிடைத்து ஆறு மாதத்துக்குள் முடிவு சொல்லவேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. சரி, அந்த ஆறு மாதம் எப்போது தொடங்கும்? விண்ணப்பத்தைக் கொடுத்த நாளில். படிவமே தராவிட்டால்? தொடங்கவே தொடங்காது. கெட்டிக்காரத்தனம்தான். உங்கள் கணக்கில் அப்பாவின் கோப்பு ஒருநாளும் பிந்திய கோப்பாக வராது. அவர்தான் இன்னும் விண்ணப்பிக்கவே இல்லையே!

நான் கேட்பது ஒன்றுதான். படிவத்தைத் தாருங்கள். நிரப்பித் தருகிறோம். வாங்கிக்கொண்டு திகதி போட்ட ரசீது தாருங்கள்.

அப்பா இப்போது எப்படி இருக்கிறார் என்று கோப்பில் இல்லாததைச் சொல்கிறேன். அவருடைய கட்டில் முன் ஹோலில். கட்டிலோடு ஒட்டினாற்போல் கொமோட். அதன் பக்கத்தில் சாமிப் படம் இருப்பது சரியில்லை என்று அம்மா படங்களைக் குசினிக்குக் கொண்டுபோய்விட்டார். நான் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறேன். என் மகள் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே தாத்தாவிடம்தான் போவாள். அந்த நேரத்தில் தனக்கு ஒன்றுக்கு வந்துவிடக்கூடாது என்பதற்காக அப்பா பகல் முழுக்கத் தண்ணீர் குடிப்பதில்லை. காலையில் கேரர் வந்து போகுமுன் அரைக் கோப்பை தேத்தண்ணி. அப்புறம் பிள்ளை வீட்டுக்குத் திரும்பும்வரை நாக்கைக்கூட நனைக்கமாட்டார். கேட்டால் தாகமில்லை என்பார்.

இந்தத் தாகமில்லாமைதான் அவரைச் சிறுநீர்த் தொற்றோடு ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் படுக்கவைத்தது. நிறையத் தண்ணீர் குடிக்கவேண்டும் என்று டாக்டர் சொன்னார். அப்பா மரியாதையாகத் தலையாட்டினார். வீட்டுக்கு வந்த மறுநாளே பழையபடி. பிள்ளையை அங்கே அனுப்பாமல் விடலாமே என்று உங்களில் யாராவது நினைக்கலாம். அதையும் செய்து பார்த்தோம். அவள் வராத நாட்களில் அப்பா சாப்பாட்டையும் ஒதுக்கிவைத்தார். ஊரில் கிணற்றடியில் நின்று வாளி வாளியாக அள்ளி வார்த்த மனிதரை இன்றைக்கு ஈரத் துவாயால் துடைத்துவிடுகிறோம். குளிப்பு என்று அதற்குப் பெயர். கதவைச் சாத்திக்கொண்டு இருப்பதற்கு ஒரு சின்ன அறை இருந்தால் இதில் பாதிக்குமேல் தீர்ந்துவிடும். அதைத்தான் உங்கள் ஓ.ரி.யும் எழுதினார்.

நீங்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். ஆயிரம் பவுணுக்கு உட்பட்ட சின்ன வேலைகளை இலவசமாகச் செய்து தரவேண்டும் என்ற விதிப்படி, கைப்பிடிகள் சீக்கிரமே வந்தன. ஆட்கள் நல்ல மாதிரி, வேலையும் சுத்தம். மேல்மாடிக் குளியலறையில் பூட்டிவிட்டுப் போனார்கள். அப்பாவால் ஏறமுடியாத மாடியில், அப்பாவுக்காக, இரண்டு கைப்பிடி. அம்மா அதில் துணி காயப்போடுகிறார்.

தொலைபேசியில் பேசிய உங்கள் அலுவலர் ஒருவர் என் சம்பளத்தை விசாரித்தார். மகன் உழைக்கிறார்தானே, நீங்களே செய்துகொள்ளலாமே என்றார். அவருக்கு விதியைப் பணிவோடு நினைவூட்ட விரும்புகிறேன். இந்த மானியத்துக்குப் பார்க்கப்படுவது மாற்றுத்திறனாளியான பெரியவரின் வருமானமும் சேமிப்பும், அவருடைய துணையினதும் மட்டும்தான். தனி வீட்டில் இருக்கும் மகனின் சம்பளம் அதில் சேராது. அப்பா அம்மா பென்ஷன் கிரெடிட் என்ற, வருமானம் குறைந்த முதியோருக்கான அரச உதவியில் உத்தரவாதப் பகுதி பெறுகிறவர்கள். அப்படியானவர்கள் தங்கள் பங்காக எதுவும் கட்டத் தேவையில்லை. இன்னொன்று. கடன்பட்டு நானே வேலையைத் தொடங்கினால் என்ன நடக்கும்? ஒப்புதலுக்கு முன் தொடங்கிய வேலைக்கு மானியம் கிடையாது என்று அடுத்த கடிதம் வரும். கையையும் கட்டிப்போட்டுவிட்டு ஏன் நீந்தவில்லை என்று கேட்கிறீர்கள்.

பணமில்லை என்பீர்கள். இங்கிலாந்து முழுவதற்கும் இந்த மானியத்துக்காக 2025-26க்கு ஒதுக்கப்பட்டது 711 மில்லியன் பவுண். அது போதாது என்றால் அதை அரசாங்கத்திடம் கேளுங்கள், நாங்களும் கூடவே வந்து கேட்கிறோம். ஆனால் கையில் காசில்லை என்பதை வைத்து ஒருவருடைய விண்ணப்பத்தைத் தீர்மானிக்க முடியாது என்று 1998இலேயே பேர்மிங்ஹாம் கவுன்சில் வழக்கில் நீதிமன்றம் சொல்லிவிட்டது. விண்ணப்பத்தை மறுக்க முடியாது என்பதால்தானா அதை வாங்காமலே இருக்கிறீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. மானியத்தின் உச்சவரம்பு 30,000 பவுண் என்று வைத்தது 2008இல். அன்றைக்கிருந்த விலையில் இன்றைக்கு இலண்டனில் எந்த பில்டர் வருவார்? தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் மதிப்பீடு ஏறுகிறது. வரம்பு மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

எங்கள் கவுன்சிலர்களுக்கும் ஒரு சொல். பொங்கலுக்கு வருகிறீர்கள், தேருக்கு வருகிறீர்கள், வேட்டி கட்டி மாலை போட்டுப் படமும் எடுக்கிறீர்கள். சந்தோஷம். அந்தக் கோயில் வாசலில் சக்கர நாற்காலியில் இருக்கிற கிழவர்களிடம் ஒருநாள் கேட்டுப் பாருங்கள், கடைசியாக எப்போது ஒழுங்காகக் குளித்தீர்கள் என்று. கூரை ஒழுகுகிறது என்று அதே தெருவில் ஒரு வயதான அம்மா எழுதியதற்கு, பழுதுபார்ப்பு உதவி இப்போது கிடையாது என்று பதில் போனது. 2002க்குப் பிறகு அது கவுன்சிலின் விருப்பத்துக்கு விடப்பட்ட விஷயமாகிவிட்டது, தெரியும். விருப்பம் என்றால் விரும்பவும் செய்யலாம்தானே? கவுன்சில் வரியில் ஒரு தவணை பிந்தினால் ஏழு நாள் கெடு வைத்துக் கடிதம் போட உங்களிடம் ஆள் இருக்கிறது. அந்தப் பிரிவில் கேஸ் ஆபீசருக்குத் தட்டுப்பாடு வந்ததாக நான் கேள்விப்பட்டதேயில்லை.

கோபத்தில் சொன்னவற்றைப் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அலுவலகத்தில் ஆட்கள் குறைவு என்பதும், இருப்பவர்கள் தலைக்குமேல் வேலையோடு இருக்கிறார்கள் என்பதும் எனக்கு விளங்குகிறது. இதன் ஆங்கிலப் பிரதி உங்களுக்கு வந்து சேர்ந்திருக்கும். தமிழிலும் எழுதுவது, இதே பட்டியலில் கிடக்கும் எங்கள் ஆட்களுக்கும் ஆறு மாதக் கணக்கு எங்கே தொடங்குகிறது என்று தெரியட்டும் என்பதற்காக.

எங்கள் பக்கம் எல்லாம் தயார். இரண்டு பில்டர்களின் மதிப்பீடு கையில் இருக்கிறது. ஓ.ரி. அறிக்கை இருக்கிறது. பென்ஷன் கிரெடிட் கடிதம் இருக்கிறது. வேலை முடிந்த பிறகு ஐந்து வருடம் இந்த வீட்டில்தான் வாழும் எண்ணம் என்று வீட்டுக்காரர் ஒரு சான்றிதழில் கையொப்பமிட வேண்டுமாம். 78 வயதில் அப்பா அந்த ஐந்து வருடத்துக்கு உறுதி தரத் தயாராக இருக்கிறார். நீங்கள் ஒரு திகதி தரக்கூடாதா?

ஆகவே தயவுசெய்து படிவத்தை அனுப்புங்கள். தபாலில் வந்தாலும் சரி, மின்னஞ்சலில் வந்தாலும் சரி, வந்து வாங்கு என்றால் நானே வருகிறேன். பட்டியலில் எங்களுக்கு முன்னால் இருப்பவர்களைத் தாண்டி எங்களை விடச் சொல்லவில்லை; அவர்களுக்கும் இன்றே படிவம் கொடுங்கள். இந்த மாத முடிவுக்குள் பதில் வராவிட்டால் முறைப்படி உங்களிடமே புகார் செய்வேன். அதற்கும் சரியான பதில் இல்லையென்றால் கவுன்சில்கள் மீதான புகார்களை விசாரிக்கும் உள்ளூராட்சி ஒம்புட்ஸ்மனிடம் போவேன். அந்தப் படிவம் இணையத்தில் உடனே கிடைக்கிறது, பார்த்துவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் பட்டியலில் உள்ள ஒருவரின் மகன்