பேரன் சுட்ட பாயிண்ட் டூ-டூ

அன்பு நண்பா,

மூட்டு வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், நிம்மதி. பேரன் என்.சி.சி. முகாமில் முதல் முறையாகச் சுட்டுவிட்டு, "இவ்வளவுதானா சத்தம்?" என்று கேட்டானாமே! அவன் கையில் இருந்தது பாயிண்ட் டூ-டூ ரைஃபிள், அதாவது 0.22 அங்குலத் தோட்டா போடுவது. அந்தத் தோட்டாவில் வெடிமருந்து சுமார் 0.1 கிராம்தான். நீளமான குழலுக்குள்ளேயே எரிந்து அடங்கிவிடும். குழல் வாய்க்கு வந்து சேரும் வாயுவில் அழுத்தம் அதிகம் மிச்சமிருக்காது.

நாம் ராணுவத்தில் தூக்கிய எஸ்.எல்.ஆர். ரைஃபிளின் 7.62 மி.மீ. தோட்டாவில் ஏறக்குறைய 3 கிராம். பிறகு வந்த இன்சாஸ் ரைஃபிளின் 5.56 மி.மீ. தோட்டாவில் அதில் பாதிக்குச் சற்று மேல். குண்டு வெளியேறிய கணத்தில், அதன் பின்னால் அடைபட்டிருந்த வாயு காற்றை அறைகிறதே, அதுதான் நெஞ்சுவரை அதிரும் சத்தம்.

வெளிச்சம் வேறு கதை. எரிந்த வாயுவில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் நிறைய இருக்கும். சூடு குறையாமல் வெளியே வந்து ஆக்சிஜனோடு கலந்தால் மறுபடி பற்றிக்கொள்ளும். இரவு ஃபயரிங்கில் நாம் பார்த்த பெரிய பிழம்பு அதுதான். குழல் வாயில் மாட்டும் ஃபிளாஷ் ஹைடர் என்ற பிழம்பு மறைப்பான் அந்தக் கலப்பைக் கலைக்கிறது. மருந்தில் சேர்க்கும் பொட்டாசியம் உப்பும் பற்றவிடாது. சத்தம் மட்டும் குறையாது.

ஆனால் தோட்டாவை மட்டும் பார்த்தால் போதாது, குழலையும் பார்க்கணும். 1944-இல் பிரிட்டிஷார் காட்டுப் போருக்காக லீ-என்ஃபீல்டு ரைஃபிளைக் குட்டையாக்கினார்கள். 640 மி.மீ. குழல் சுமார் 480 ஆனது, .303 தோட்டா அப்படியே இருந்தது. பிழம்பை மறைக்க வாயில் கூம்பு ஒன்றைப் பொருத்த வேண்டியதாயிற்று. வியட்நாம் காலத்தில் அமெரிக்கர்கள் எம்-16 ரைஃபிளின் குழலை 10 அங்குலமாக வெட்டியபோதும் அதே தொல்லை, 5.56 என்கிற சின்னத் தோட்டாவே பயங்கரமாகப் பளிச்சிட்டது. குழல் குட்டையானால் வாயு விரிந்து அடங்குவதற்குள் குண்டு வெளியே போய்விடுகிறது, அவ்வளவுதான்.

வலது தோளில் வைத்துச் சுடுகிறவனுக்கு இடது காதுதான் குழல் வாய்க்கு அருகில். நம் இருவருக்கும் இடது காது இரைவது அதனால்தான் என்று நினைக்கிறேன். அந்த நாளில் பஞ்சைத் திணித்துக்கொண்டு சுட்டோம்.

அவனுக்கும் ராணுவம்தான் ஆசை என்றாயே, இதை மட்டும் சொல்லி வை. பெரிய ரைஃபிளின் சத்தம் 150 டெசிபலைத் தாண்டும். 140-ஐத் தாண்டினாலே உள்காதின் நுண்ணிய செல்கள் சாகலாம், செத்தவை திரும்ப முளைக்காது. எந்தத் தோட்டாவானாலும் சரி, நல்ல காதடைப்பான் இல்லாமல் ரேஞ்சில் நிற்கக் கூடாது. பொங்கல் லீவில் அவனைக் கூட்டிக்கொண்டு வா, நானும் பேசுகிறேன்.

உன் பழைய பங்காளி