மேலே நிற்பவருக்கும் பயிற்சி கொடுங்கள், அண்ணாச்சிமார்களே

திருநெல்வேலிச் சீமையில் அரிசி ஆலை நடத்துகிறவர்களுக்கும், தொட்டி, கிணறு சுத்தம் செய்யக் குத்தகை எடுக்கிறவர்களுக்கும்,

வணக்கம். முப்பது வருடம் ஆலைகளில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பிசான நெல் வந்து இறங்குவதற்குள் தொட்டிகளைக் கழுவி முடிக்க நீங்கள் படும் அவசரம் எனக்குத் தெரியும். அந்த அவசரத்தில் ஆட்களை நிழலில் உட்காரவைத்து, அரைமணி நேரம் பேசி, டீயும் வடையும் கொடுத்து, கையெழுத்து வாங்கிப் 'பயிற்சி' என்று பதிவேட்டில் எழுதிக்கொள்வதும் தெரியும். அப்படிப்பட்ட கூட்டங்களில் நானே பேசியிருக்கிறேன். உள்ளே இறங்குகிறவருக்குத்தான் அத்தனை பேச்சும். தொட்டி வாயில் மேலே நிற்கிறவரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஓர் ஆலையில், நெல் ஊறவைத்த தண்ணீர் போய்ச் சேரும் கழிவுத் தொட்டி. பத்தடி ஆழம், இரண்டடி வாய், அடியில் முழங்கால் அளவு சகதி. பம்புக் குழாயின் அடிமுனையில் இருக்கும் ஃபுட்வால்வில் உமியும் சாக்கு நாரும் அடைத்துக்கொண்டன. மூடியைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம். ஒரு தம்பி இறங்கிக் காலால் சகதியைக் கிளறினார். சற்று நேரத்தில், "இப்போது நாற்றமே இல்லை அண்ணாச்சி" என்று நிமிர்ந்து சிரித்தார். ஸ்பேனருக்காக நீட்டிய கை அப்படியே சரிந்தது. என் பக்கத்தில் நின்றவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் கால் வைத்துவிட்டார். அவர் பின்னால் நானும். எங்கள் இரண்டு பேரையும் சட்டையைப் பிடித்து இழுத்துத் தள்ளியவர் வயதான வாட்ச்மேன். தீயணைப்புப் படையினர் மூச்சுக் கருவியோடு வந்து தூக்கியபோது தம்பி உயிரோடு இல்லை.

நாற்றம் நின்றது வாயு குறைந்ததால் அல்ல, கூடியதால். அந்த முட்டை நாற்ற வாயுவான ஹைட்ரஜன் சல்பைடு, காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவை எட்டும்போது மூக்கு மரத்துப் போகிறது. ஐந்நூறைத் தாண்டினால் ஆள் சில நிமிடங்களுக்குள் விழுந்துவிடுவார். காற்றைவிடக் கனமானது என்பதால் அடியிலேயே படுத்துக் கிடக்கும். கிளறும்வரை சகதிக்குள் அடங்கியிருக்கும். எனவே மூடி திறந்ததும் ஒரு தடவை வாயு அளக்கும் மீட்டரைக் காட்டிவிட்டு இறங்கினால் போதாது. மேலே, நடுவே, அடியில் என்று அளந்து, வேலை நடக்கும் நேரம் முழுக்க அளந்துகொண்டே இருக்க வேண்டும்.

நம் ஊர்க் கிணற்று வேலைக்காரர்கள் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் இறக்கிப் பார்ப்பார்கள். வேப்பங்குழையைக் கட்டி மேலும் கீழும் இழுத்துக் காற்றைக் கலைப்பார்கள். இதைக் கேலி செய்யும் பொறியாளர்களை எனக்குப் பிடிக்காது. மண்ணெண்ணெயும் இலையும் மட்டும் இருந்த காலத்து அறிவு அது. ஆனால் சுடர் அணைய ஆக்சிஜன் 16, 17 சதவீதத்துக்கு இறங்க வேண்டும், 19.5-க்குக் கீழே போனாலே இறங்கக் கூடாது என்பது இன்றைய அளவுகோல். கிணற்றின் பாதித் திட்டில் டீசல் என்ஜினை வைத்து ஓட்டினால் சேரும் கார்பன் மோனாக்சைடோ, ஆளைக் கொல்லும் அளவில் இருந்தாலும் விளக்கு நின்று எரியும். மீத்தேன் இருந்தால் விளக்கே வெடிக்கு வழி. இன்னொன்று: காற்று இல்லை என்று வெல்டிங் ஆக்சிஜனைத் தொட்டிக்குள் திறந்துவிடாதீர்கள். ஒரு பொறி பட்டால் உடுத்திய துணியே பற்றிக்கொள்ளும். பிளோயர் வைத்து வெளிக்காற்றை ஊதுங்கள்.

1986-இல் அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வெளியிட்ட எச்சரிக்கையில், இத்தகைய இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேல் காப்பாற்றப் போனவர்கள் என்று இருக்கிறது. நம் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-ஆம் பிரிவோ அதற்கு வெகு முன்பே, காற்றைச் சோதித்து எழுத்தில் சான்று தரவேண்டும், இல்லாவிட்டால் இறங்குகிறவருக்கு மூச்சுக் கருவியும் பெல்ட்டும் கயிறும் வேண்டும், கயிற்றின் மறுமுனையை வெளியே நிற்பவர் பிடித்திருக்க வேண்டும் என்றது. அந்த மறுமுனைதான் நம்மிடம் இல்லை.

ஆகவே பயிற்சியை நிழலிலிருந்து தொட்டி வாய்க்குக் கொண்டு வாருங்கள். 75 கிலோ நெல் மூட்டை ஒன்றின் இடுப்பில் கயிறு கட்டிக் காலித் தொட்டிக்குள் இறக்குங்கள். மேலே நிற்கப் போகிறவரை இழுக்கச் சொல்லுங்கள். மூட்டை குறுக்காகி வாயில் சிக்கும். இரண்டு பேர் சேர்ந்தாலும் வராது. அடுத்து மூட்டையின் தலைமாட்டில் கட்டி, தொட்டி வாய்க்கு மேல் முக்காலியும், கைப்பிடியைச் சுற்றிக் கயிறு இழுக்கும் விஞ்சும் வைத்துச் சுற்றச் சொல்லுங்கள். செங்குத்தாக ஏறி வந்துவிடும். முழு உடல் பெல்ட்டின் வளையம் ஏன் தோளுக்குப் பின்னால் இருக்கிறது என்று அதன்பின் யாருக்கும் விளக்க வேண்டாம். உள்ளே இருப்பவர் பதில் சொல்லாவிட்டால் விஞ்சைச் சுற்று, 101-ஐக் கூப்பிடு, ஏணியில் கால் வைக்காதே: இந்த மூன்றையும் அவர் செய்து காட்டட்டும், திரும்பத் திரும்ப. கூட நிற்கும் ஆளுக்கு அன்று வேறு வேலை கொடுக்காதீர்கள். டீ வாங்கவும் அனுப்பாதீர்கள்.

மலக்குழிக்கு ஆள் இறக்க இந்தப் பயிற்சியைக் கேட்டு யாரும் வராதீர்கள். அதைத் தடுக்க 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, உறிஞ்சும் லாரி இருக்கிறது. அங்கே ஓர் உயிர் போனால் 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதையும் நினைவில் வையுங்கள்.

தை பிறந்ததும் தொட்டி கழுவும் தேதியைச் சொல்லி அனுப்புங்கள். பஸ் ஏறி நானே வருகிறேன், கூலி வேண்டாம். மூட்டையும் கயிறும் தயாராக இருக்கட்டும். உங்கள் வாட்ச்மேனையும் அன்று பயிற்சிக்குக் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பிட்டர் ஒருவர்