குப்பனூர் ரோட்டில் ஜீப்பைக் கிளப்பிவிட்ட அண்ணனுக்கு

குப்பனூர் வழியா ஏற்காடு ஏறும்போது என் பழைய டீசல் ஜீப் நின்னுடுச்சு. 20 கொண்டை ஊசி வளைவுள்ள மெயின் ரோடுன்னா யாராவது வருவாங்க. இந்தப் பக்கம் சிக்னல்கூட இல்லை. பைக்கில் பால் கேனோட வந்த அண்ணன் ஒருத்தர், கேட்காமலே பானெட்டைத் திறந்து பார்த்து, ‘டீசல் லைன்ல ஏர் பிடிச்சிருக்குங்க தம்பி’ன்னார்.

டேங்க்ல இருந்து வர்ற டீசல் ஹோஸ், கிளிப் ஓரமா வெடிச்சிருந்தது; அது வழியாத்தான் காத்து உள்ளே போயிருக்கு. அந்த நுனியை வெட்டிட்டு மறுபடி மாட்டினார். அந்தக் காத்தை வெளியேத்த, டீசல் ஃபில்டர் மேல இருக்கிற ஸ்க்ரூவைத் தளர்த்திட்டு என்னைக் கை பம்பை அடிக்கச் சொன்னார். முதல்ல நுரை, அப்புறம் குமிழி. சுத்தமா டீசல் வந்தப்புறம்தான் இறுக்கினார். செல்ஃப் அடிச்சதும் பிடிச்சுக்கிச்சு!

காசு வாங்கலை, பேரும் சொல்லலை. பால் கெட்டுடும்னு அவசரம் அவருக்கு. ரொம்ப நன்றிங்கண்ணா. சேலத்துல புது ஹோஸ் வாங்கி நானே மாத்திட்டேன்.