பை – 12.00: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நம் கடை பில் ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றியதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். எனக்கே நாலு பேர் அனுப்பினார்கள், அதில் ஒருவர் என் சொந்த மச்சான். துவரம்பருப்பு, புளி, வத்தல், நல்லெண்ணெய் என்று போகும் பில்லின் கடைசி வரியில் ‘பை – 12.00’ என்று இருக்கிறது. அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கீழே, ‘பருப்பில் எடுத்தது போதாதென்று இப்போது பையிலும் எடுக்கிறார்கள்’ என்று ஒரு வரி.

பருப்பு விலை ஏறியபோது கூட எங்களை யாரும் இப்படிச் சொன்னதில்லை. அப்பா காலத்திலிருந்து தராசைச் சந்தேகப்பட்டு ஒருவர் திரும்பிப் போனதில்லை. அதனால்தான் கல்லாவில் உட்கார்ந்தபடியே இதை எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. தைத்த துணிப்பை ஒன்று எங்களுக்கு 9 ரூபாய் 80 காசுக்கு வருகிறது. கடைப் பெயர் அச்சடிக்க 1.20. பார்சல் ஆபீஸிலிருந்து இறக்கிக் கொண்டுவரும் கூலியைப் பைக்குப் பிரித்தால் 40 காசு. ஆக 11.40. மீதி 60 காசு லாபம்தானே என்பீர்கள். நூறு பை வந்தால் அதில் ஐந்து காது பிய்ந்தோ அடித்தையல் விட்டோ வரும். அதில் அரிசியைப் போட்டுக் கொடுத்தால் தெருவில் கொட்டும், அந்தப் பாவம் எங்களுக்கு வேண்டாம். நூறு பைக்கு நாங்கள் கொடுப்பது 1,140 ரூபாய். விற்க முடிகிற 95 பையில் எங்களுக்கு வருவதும் அதே 1,140. வேண்டுமானால் பெருக்கிப் பாருங்கள். வாங்கிய பில்லைக் கல்லாவுக்குப் பின்னால், முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

‘கோயம்பேட்டில் மெஷினில் பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை வருகிறதே’ என்றும் கேட்டார்கள். வருகிறது, நல்ல திட்டம்தான். ஆனால் அரசாங்கம் நடத்துவதும் நான் நடத்துவதும் ஒன்றல்ல. நம் பை பத்துக் கிலோ தாங்க வேண்டும் என்று அடியில் இரட்டைத் தையல் போட்டு வாங்குகிறோம்.

முன்பெல்லாம் கவர் சும்மா கொடுத்தீர்களே என்பது நியாயமான கேள்வி. அப்போது கேரி பேக்கைக் கிலோ கணக்கில் வாங்குவோம். ஒரு கவரின் விலை காசுக் கணக்கில்தான் இருக்கும், அது பருப்பு விலைக்குள்ளேயே அடங்கிப் போய்விடும். தமிழக அரசு 2018 ஜூனில் ஆணை போட்டு, 2019 ஜனவரி 1 முதல் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களைத் தடை செய்த பிறகு அந்தக் கதை முடிந்தது. டிவியில் ‘120 மைக்ரான்’ என்று கேட்டுவிட்டு வந்து சிலர் வாதம் பண்ணுகிறீர்கள். பிளாஸ்டிக் பையின் தடிமன் இதற்குக் குறையக் கூடாது என்கிற மத்திய அரசு விதி அது: 2016-ல் 50 மைக்ரான், அப்புறம் 75, 2022 கடைசியிலிருந்து 120. நம் மாநில ஆணையில் மைக்ரான் பேச்சே கிடையாது. எவ்வளவு தடிமனாக இருந்தாலும் பிளாஸ்டிக் கேரி பேக் கூடாது.

அந்த 14-ல் ‘நான்-ஓவன்’ பையும் உண்டு என்பதைப் படிக்காமல் விட்டது எங்கள் முட்டாள்தனம். கலர் கலராக, தொட்டால் துணி மாதிரியே இருக்குமே, அந்தப் பைதான். 2019-ல் ‘துணிப்பை’ என்று பில் போட்டு ஒருவர் இரண்டு மூட்டை கொடுத்தார். நாமும் நம்பி மாட்டி வைத்தோம். சோதனைக்கு வந்தவர்களில் ஒருவர் அதிலிருந்து ஒரு பையை எடுத்து, ‘நூல் ஒன்று உருவுங்கள் பார்ப்போம்’ என்றார். உருவ வரவில்லை, காகிதம் மாதிரி கிழிந்தது. தீக்குச்சியைக் கிட்டே கொண்டுபோனதும் உருகிச் சொட்டி, ஆறியபோது கறுப்பு மணியாக உறைந்தது. பருத்தியாக இருந்தால் எரிந்து சாம்பலாகியிருக்கும். அந்த மணியை இன்னும் மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன். இரண்டு மூட்டையும் போய், மேலே அபராதமும் கட்டினோம். விற்றவர் போனை எடுக்கவில்லை. செய்கிறவன் எங்கோ இருக்கிறான், மொத்த வியாபாரி எங்கோ இருக்கிறான், ஷட்டரைத் திறந்து வைத்து உட்கார்ந்திருக்கிற சில்லறைக் கடைக்காரன்தான் கைக்கு எட்டுகிறான். இதைச் சொன்னால் புலம்பல் என்பார்கள். சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

சரி, பேப்பர் பொட்டலத்துக்குப் போகலாமே என்று பெரியவர்கள் சொன்னார்கள். உத்தரத்தில் தொங்கும் சணல் உருண்டையிலிருந்து நூலை இழுத்து, கூம்பை இரண்டு சுற்றுச் சுற்றி, விரலாலேயே அறுத்து அப்பா கட்டுகிற பொட்டலத்தைத் தூக்கி எறிந்தாலும் அவிழாது. ஆனால் செய்தித்தாளில் உணவுப் பொருளை மடிக்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. அச்சு மையில் ஈயம் மாதிரி சமாச்சாரங்கள் இருக்கின்றன. பழுப்புக் காகிதத்தில் மடிக்கலாம், மடித்தோம். இருபத்திரண்டு வருஷம் நம் கடையில் பொட்டலம் மடித்த அண்ணனும் போன ஐப்பசியோடு மகன் வீட்டுக்குத் திருப்பூர் போய்விட்டார். புதுப் பையனுக்குக் கூம்பு இன்னும் நிற்கவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆள் குறைந்ததால் வீட்டுக்கு அனுப்பும் சரக்கு அடுத்த மாதத்திலிருந்து 750 ரூபாய்க்கு மேல் மட்டும்.

‘பிஸ்கட்டும் சிப்ஸும் பிளாஸ்டிக்கில்தானே விற்கிறீர்கள், அதை மட்டும் விட்டுவிட்டார்களே’ என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி, பதில் சொல்ல வேண்டியது நான் அல்ல. அந்த உறைகளைத் திரும்பச் சேகரித்து வழிபண்ணும் பொறுப்பை மத்திய விதி, தயாரிக்கிற கம்பெனிகள் மேல்தான் வைத்திருக்கிறது. வாசலில் நாம் வைத்திருக்கும் சாக்கில் விழுவதைப் பழைய பேப்பர் கடைக்காரர் எடுத்துப் போகிறார். பால் கவர் என்றால் முகம் மலர்கிறது, சிப்ஸ் பாக்கெட்டைப் பார்த்ததும் தள்ளி வைக்கிறார். உள்ளே வெள்ளி மாதிரி மின்னுகிறதே, அது வேறு வேறு படலங்களை ஒன்றாக ஒட்டியது. பிரிக்க முடியாததை உருக்கி என்ன செய்வது என்கிறார். ஆகவே சாக்கில் பால் கவர் மட்டும் போடுங்கள். அலசிக் காயவைத்துப் போட்டால் புண்ணியம், இல்லையென்றால் மத்தியானத்துக்குள் நாறுகிறது. கவரின் மூலையைத் தனித்துண்டாக வெட்டி எறியாமல் பாதி வெட்டி விடுங்கள். அந்தச் சின்னத் துண்டை யாராலும் பொறுக்க முடியாது. ‘மக்கும் பை’ என்று எழுதிய கவரையும் இதில் போட வேண்டாம். அது வேறு சரக்கு, கலந்தால் பால் கவர் மொத்தமும் கெடும்.

இப்போது எங்கள் தப்புக்கு வருகிறேன். அந்தப் படத்தில் இருக்கிற வாடிக்கையாளரிடம் பை வேண்டுமா என்று கேட்காமலேயே பில்லில் ஏற்றியிருக்கிறார்கள். சாயங்கால நெரிசல் என்று பில் போட்ட பெண் சொன்னாள். நெரிசலாக இருந்தாலும் கேட்டிருக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. நம் கடைக்கு வரும் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. 2019-ல் சண்டிகரில் ஒரு செருப்புக் கடை காகிதப் பைக்கு 3 ரூபாய் வாங்க, நுகர்வோர் மன்றம் 9,000 ரூபாய் கட்டச் சொல்லியிருக்கிறது. பையில் உன் விளம்பரம், அதைச் சுமக்கிறவனிடம் காசா என்பதுதான் விஷயம். நம் பையிலும் கடைப் பெயர் இருந்ததே! வாத்தியாரிடம் பதில் பேச முடியவில்லை.

எனவே, பெயர் போட்ட பைகள் 340 மிச்சம் இருக்கின்றன. தீரும்வரை இலவசம், பில்லுக்கு ஒன்று. அதன்பிறகு பெயரில்லாத வெள்ளைப் பை 11 ரூபாய். அச்சுக்கூலி இல்லாததால் எங்களுக்கு 10.20 ஆகிறது. வீணாகும் ஐந்து போக, நூறு பைக்கு 25 ரூபாய் எங்களுக்கு மிஞ்சும். பிறகு யாரும் அதற்கு வட்டம் போட வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். பையை அழுக்கில்லாமல் திருப்பிக் கொடுத்தால் அடுத்த பில்லில் 8 ரூபாய் கழிப்போம். நீலகிரியில் மதுக்கடைப் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்களே, அந்த மாதிரி. உதாரணம் கொஞ்சம் ஒரு மாதிரிதான், மன்னிக்கவும்.

கைவீசிக்கொண்டு வராமல் இத்தனை வருஷமாகப் பையோடு வருகிறவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. வயர்கூடை கொண்டுவரும் அக்காக்கள், எண்ணெய்க்குத் தூக்குவாளி கொண்டுவரும் பெரியவர்கள், மகன் கல்யாணத்தில் கொடுத்த மஞ்சப்பையை இன்னும் துவைத்துத் துவைத்துக் கொண்டுவரும் கீழத்தெரு ஆச்சி. மாப்பிள்ளை பெயர் அழிந்துவிட்டது, பெண் பெயரில் பாதி தெரிகிறது. ஆச்சி பில்லில் ‘பை’ என்ற வரி இதுவரை வந்ததே இல்லை.

படம் போட்டவர் யாரென்று எனக்குத் தெரியும், பெயர் சொல்ல மாட்டேன். அவரும் நம் பழைய வாடிக்கையாளர்தான். அவருடைய 12 ரூபாயைக் கவரில் போட்டு — காகிதக் கவர்தான் — கல்லாவில் தனியாக வைத்திருக்கிறேன். எப்போது வந்தாலும் வாங்கிக்கொள்ளலாம். பையைத் திருப்பித் தர வேண்டியதில்லை.

இப்படிக்கு,
உங்கள் மளிகைக்கடைக்காரன்