என் சந்தேகத்தோடு கூட உட்கார்ந்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள சபையாருக்கும் நண்பர்களுக்கும்,

இந்த ஈஸ்டர் அதிகாலை ஆராதனையில் ஆயர் “கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்” என்று சொன்னபோது, “மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்” என்று நானும் வாய் திறந்து சொன்னேன். என் மனைவி காலமான பிறகு அந்த வரி எனக்கு வரவே இல்லை. உங்களில் பலர் கவனித்திருப்பீர்கள், ஆனால் ஒருவர்கூட ஏன் என்று குடைந்து கேட்டதில்லை. முதல் நன்றி அதற்கு. மற்றதையும் வீடு தேடி வந்து சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கு உதவியவர்களில் சிலர் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. யார் என்ன செய்தார்கள் என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்பதால் பொதுவில் எழுதுகிறேன்.

நான் பிறப்பிலேயே கிறிஸ்தவன். ஞானஸ்நானம், திடப்படுத்தல் எல்லாம் முறையாக நடந்தது. அரசுப் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றேன். இயேசு என்று ஒருவர் வாழ்ந்தார், ரோம ஆளுநர் பொந்தியு பிலாத்து காலத்தில் கொல்லப்பட்டார் என்பதில் எனக்கு என்றைக்கும் ஐயம் இல்லை. ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸே அதை எழுதியிருக்கிறார். மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்பதுதான் இடித்தது. கல்லறைத் தோட்டத்தில் மண் தள்ளி முடித்த கையோடு, “விசுவாசம் இருக்கிறவங்க இப்படி அழக்கூடாது” என்று ஓர் உறவினர் என் தோளைத் தட்டினார். நண்பர் லாசருவின் கல்லறையில் இயேசுவே கண்ணீர் விட்டாரே என்று எனக்குள் கோபம்தான் வந்தது. அப்புறம், இந்த உயிர்த்தெழுதல் நடந்ததா, இல்லை துக்க வீட்டில் ஆறுதலுக்காகச் சொல்கிற பேச்சா என்ற கேள்வி என்னை விடவில்லை.

ஆயர் அவர்களே, உங்களிடம் இதைச் சொன்னபோது ஜெபம் செய்து அனுப்பிவிடுவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் வேதத்தைத் திறந்து, “கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால், எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா” என்று அப்போஸ்தலர் பவுல் எழுதியதைக் காட்டினீர்கள். “அவரே இதுமேல எல்லாத்தையும் பந்தயம் வெச்சிருக்கார் சார். அப்போ விசாரிச்சுப் பார்க்கிறது தப்பே இல்ல. வியாழக்கிழமை சாயங்காலம் வாங்க” என்றீர்கள். அந்த வியாழக்கிழமைகளுக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்!

எங்கள் தருமபுரி மண் நடுகற்களுக்குப் பேர் போனது. மாணவர்களை அகழ்வைப்பகத்துக்குக் கூட்டிப் போகும்போதெல்லாம் ஒன்றையே சொல்லிக் கொடுப்பேன். வட்டெழுத்தில் முதலில் அரசனின் ஆட்சியாண்டு இருக்கும், அடுத்து ஊர், எந்த ஆநிரைப் பூசலில் யார் பட்டார் என்பது. கல்லைப் பார்த்தால் யார், எப்போது, யார் சொல்லி என்று கேளுங்கள். ஆயர் என்னை அதே மூன்று கேள்வியைப் பவுலிடம் கேட்க வைத்தார். ஆயர் காட்டிய வரி இருக்கும், கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் கி.பி. 55 வாக்கில் எழுதப்பட்டது. சிலுவை மரணம் 30-லோ 33-லோ. இடைவெளி சுமார் 25 ஆண்டுதான். அதிலும் “நான் அடைந்ததும்” என்றுதான் பவுல் தொடங்குகிறார். தான் பெற்றுக்கொண்டதையே ஒப்புவிக்கிறார். கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் எருசலேமுக்குப் போய்ப் பேதுருவோடு 15 நாள் தங்கினேன், கர்த்தருடைய சகோதரனாகிய யாக்கோபைக் கண்டேன் என்கிறார். உயிர்த்தெழுந்தவரை ஒரே வேளையில் பார்த்த 500 பேருக்கு மேற்பட்டவர்களில் அநேகர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்று வேறு எழுதுகிறார். போய் விசாரித்துக்கொள் என்று சொல்வதுபோல்தான் அது எனக்குப் படுகிறது. கிருஷ்ணகிரி நம்மிடமிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆனது 2004-ல். அதைப் பற்றி இன்று யாராவது இட்டுக்கட்டிச் சொன்னால் பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா?

என்னோடு அதே பள்ளியில் இயற்பியல் நடத்திய நண்பர் பெரியார் வழியில் வந்தவர், கடவுள் நம்பிக்கை இல்லாதவர். ஆனாலும் எனக்காக அந்த வியாழக்கிழமைகளில் வந்து உட்கார்ந்தார். நண்பரே, உமக்கு நன்றி சொல்லாமல் இந்த மடல் நிறைவாகாது. மற்றவர்கள் கேட்கத் தயங்கியதை நீர்தான் கேட்டீர்: “துக்கத்துல இருக்கிறவனுக்குச் செத்தவங்க கண்ணுல தெரிவாங்க. இவங்களுக்கும் அப்படித் தெரிஞ்சிருக்கும், அவ்வளவுதான்.”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் எனக்கே அது நடந்திருந்தது. விடிவதற்கு முன்னால் அடுக்களையில் டபராவை மேடையில் வைக்கிற சத்தம் கேட்கும். அவள் வைக்கிற அதே மாதிரி, முதலில் டம்ளர், பிறகு டபரா. எழுந்து போய்ப் பார்த்தால் விளக்கே போட்டிருக்காது. அன்று இதை எல்லோர் முன்னாலும் சொன்னேன். வேதபாடம் நடத்துகிற தம்பி, ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் முடித்து பஸ் பிடித்து நேரே வந்திருந்தவர், மெதுவாகக் கேட்டார்.

“சார், அந்தச் சத்தம் கேட்டப்ப என்ன செஞ்சீங்க?”

“அழுதேன்.”

“அம்மா எழுந்து வந்துட்டாங்கன்னு யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“இல்லப்பா.”

“ஏன் சார்?”

“அவ எங்க இருக்கான்னு எனக்குத் தெரியுமே.”

தம்பி அதற்கு மேல் ஒன்றும் பேசாமல் லூக்கா சுவிசேஷம் 24-ஐ எடுத்து என்னிடமே வாசிக்கக் கொடுத்தார். கல்லறைக்குப் போன பெண்கள் வந்து, அவர் உயிர்த்தெழுந்தார் என்று சொன்னது அப்போஸ்தலருக்கு “வீண்பேச்சாக” தோன்றியது என்று அங்கே இருக்கிறது. எதிர்பார்த்துக் காத்திருந்தவர்கள் இல்லை அவர்கள். கண்ணெதிரே நின்றவரையும் ஆவி என்று பயந்தார்கள். அவர் பொரித்த மீனை வாங்கிச் சாப்பிட்டுக் காட்ட வேண்டியிருந்தது. அன்றிரவு வீட்டில் நானே மேலும் யோசித்தேன். உயிர்த்தெழுந்தவரைக் கண்டவர்கள் என்று பவுல் தரும் பட்டியலில் யாக்கோபும் உண்டு, முன்பு சவுல் எனப்பட்ட பவுலும் உண்டு. சவுல் யாருக்காகவும் துக்கப்படவில்லை, சபையைத் துன்பப்படுத்திக்கொண்டிருந்தவர். யாக்கோபு இயேசுவின் தம்பி, அண்ணனை அவர் உயிரோடிருக்கும்போது நம்பாதவர். கடைசியில் எருசலேமில் கல்லெறிந்து கொல்லப்பட்டதை யூத வரலாற்றாசிரியர் ஜோசிஃபஸ் எழுதியிருக்கிறார். என் துக்கத்தை வைத்து இந்த இரண்டு பேரை என்னால் விளக்க முடியவில்லை. தம்பி, என் அழுகையைக் கேலியாக்காமல், அதையே எனக்குப் பதிலாகத் திருப்பிக் கொடுத்தீர்கள். நன்றி.

கிருஷ்ணகிரியிலிருந்து வரும்போதெல்லாம் களியும் கீரைக் குழம்பும் தூக்கில் கொண்டுவரும் எங்கள் சம்பந்தி அம்மாவுக்கு. அவர்களுக்கு மாந்தோப்பு உண்டு, வேத அறிவு அதைவிடப் பெரிது. பெரிய எழுத்து வேதாகமத்தில் வரிக்குக் கீழே விரலை ஓட்டி யோவான் 20-ஐ வாசித்தார்கள். மகதலேனா மரியாள் அவரைத் தோட்டக்காரர் என்று நினைத்த இடத்தில் விரல் நின்றது. “கதை கட்டுறவன் இப்படி எழுதுவானா அண்ணே? வெளிச்சமா வந்தார், வானம் திறந்ததுன்னுதானே எழுதுவான்” என்றார்கள். நான் விடாமல், பெண்களின் சாட்சியை அந்தக் காலத்தில் மதிக்க மாட்டார்கள், பவுலின் பட்டியலில்கூட அவர்கள் பெயர் இல்லை என்றேன். “அவர் விட்டா என்ன? சுவிசேஷம் எழுதின நாலு பேரும் விடலையே.” ஊர் ஏற்காது என்று தெரிந்தும் பெண்களையே முதல் சாட்சியாக நால்வரும் வைத்திருக்கிறார்கள் என்றால், நடந்தது அப்படி என்பதைத் தவிர வேறு நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை. தோழமைச் சபைகளின் மேடையில் இதைவிட நீளமான பேச்சுகள் கேட்டிருக்கிறேன். இந்த ஒரு வாக்கியத்துக்கு அவை ஈடாகாது.

பக்கத்துக் கத்தோலிக்கப் பங்கின் ஃபாதருக்கும் கடன்பட்டிருக்கிறேன். வேறு சபைக்காரன் என்று பார்க்காமல் விளக்கவுரை நூல்களைத் தந்தார். மாற்கு 16-ன் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள் மிகப் பழைய பிரதிகளான சினாய், வத்திக்கான் சுவடிகளில் இல்லை என்று நான் கேட்பதற்கு முன்பே சொன்னார். கல்லறைக்குப் போன பெண்கள் எத்தனை பேர், தூதர் ஒருவரா இருவரா என்று நான்கு நூல்களும் வேறுபடுவதையும் எழுதிக் காட்டினார். எதையும் மூடி மறைக்காததால்தான் அவர் சொன்ன மற்றதையும் என்னால் நம்ப முடிந்தது. விசுவாசத்தைப் பகிர விரும்பும் இளையவர்கள் ஃபாதரிடம் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஆயரின் மனைவிக்கு, எத்தனையோ டம்ளர் காபிக்கு. என் மகளுக்கு, “அப்பா எப்ப நம்புவீங்க” என்று ஒரு நாளும் கேட்காததற்கு.

சபையாரே, சீடரான தோமாவைச் சந்தேகக்காரன் என்றே நாம் சொல்லிப் பழகிவிட்டோம். அவர் நம் மயிலாப்பூரில் அடங்கியவர் என்பது மரபு. நான் அவரைப் பற்றி இப்போது நினைப்பது வேறு. “நம்ப மாட்டேன்” என்று சொன்ன பிறகும் எட்டு நாள் கழித்து அவர் மற்றவர்களோடு அதே வீட்டுக்குள் இருக்கிறார். யாரும் அவரை வெளியே போகச் சொல்லவில்லை. இயேசு வந்தபோது அவர் அங்கே இருந்ததால்தான் “என் ஆண்டவரே! என் தேவனே!” என்று சொல்ல முடிந்தது. நீங்களும் என்னை அப்படித்தான் உள்ளேயே வைத்துக்கொண்டீர்கள். காணிக்கை எடுக்கும் பொறுப்பைக்கூட என்னிடமிருந்து வாங்கவில்லை.

எல்லாக் கேள்வியும் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. அவர் எழுந்தார் என்று நம்புகிறேன். அதனால் என் மனைவியையும் காண்பேன் என்று நம்புகிறேன்.

அவள் கல்லறையில் இதுவரை பெயரும் தேதிகளும் மட்டுமே இருந்தன. வசனம் போடச் சொல்லி மகள் கேட்டபோது நான் சம்மதிக்கவில்லை. இப்போது கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கல் பட்டறையில் “நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்” என்று வெட்டக் கொடுத்திருக்கிறேன். வேலை முடிந்ததும் ஒரு சனிக்கிழமை காலை ஆயர் ஜெபம் செய்வார், எந்த நாள் என்பதை அவரே அறிவிப்பார். எல்லோரும் குடும்பத்தோடு வர வேண்டும். ஃபாதரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். மதியம் வீட்டில் சாப்பாடு, சம்பந்தி அம்மா கையால். இயற்பியல் நண்பர், காலி கல்லறை பற்றித் தனக்கு இன்னும் இரண்டு கேள்வி பாக்கி இருக்கிறது, சாப்பிட்டு முடித்துக் கேட்கிறேன் என்கிறார். தம்பி அன்று ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்துவிடுங்கள்.

நன்றியுடன்,
ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர்,
தருமபுரி