பழைய புல்லட்டுக்கு ஷாக் மாற்றுபவர்கள் விலைக்கு முன்னால் கேட்க வேண்டியது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழில் வரும் வாகனப் பக்கத்தை விடாமல் படிக்கிறவன் நான். புது வண்டி என்ன வந்தது, மின்சார ஸ்கூட்டர் ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் ஓடும் என்பதெல்லாம் நன்றாகவே எழுதுகிறீர்கள். ஆனால் கடலூரிலும் புதுச்சேரியிலும் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒரு பழைய புல்லட் நிற்கிறது, அதை வைத்திருப்பவர்கள் ஒரு உதிரி பாகத்தை எப்படிப் பார்த்து வாங்குவது என்று யாரும் எழுதுவதில்லை. அதிலும் பின்பக்க ஷாக் அப்சார்பர் விஷயத்தில் நம்மூர்க்காரர்கள் கொட்டுகிற காசைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அதனால்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகவே.

என்னுடையது காஸ்ட் அயர்ன் இன்ஜின் 350. திருப்பாதிரிப்புலியூரில் இருந்து மஞ்சக்குப்பம், ஆல்பேட்டை, பெண்ணையாற்றுப் பாலம், ரெட்டிச்சாவடி, முள்ளோடை, கிருமாம்பாக்கம் என்று புதுச்சேரிக்கு வேலைக்குப் போகிறேன், பெரும்பாலும் மனைவியும் பின்னால் இருப்பார். வண்டி மட்டும் 160 கிலோவுக்கு மேல். இரண்டு பேர், ஒரு பை, சாப்பாட்டுக் கூடை எல்லாம் சேர்த்தால் 300 கிலோவைத் தொட்டுவிடும். அந்த எடையில் பெரும்பகுதியைத் தாங்குவது பின்னால் இருக்கிற இரண்டு ஷாக்குகள்தான். அவை செத்துப்போனால் முதலில் தெரிவது ஓட்டுகிறவருக்கு அல்ல, பின்னால் உட்கார்ந்திருப்பவரின் இடுப்புக்கு.

செத்துப்போனதா இல்லையா என்று கண்டுபிடிக்க மெக்கானிக் வேண்டாம். வண்டியை ஸ்டாண்டில் இருந்து இறக்கி, பின் சீட்டை இரண்டு கையாலும் நன்றாக அமுக்கிச் சட்டென்று விடுங்கள். ஒரு முறை எழும்பி நின்றுவிட்டால் சரி. மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருந்தால் உள்ளே ஆயில் வேலை செய்யவில்லை. அப்புறம் ஷாக்கின் மேல் கவர் முடிகிற இடத்துக்குக் கீழே பாருங்கள். பாடியைச் சுற்றி ஒரு வளையமாக, கறுப்பாக, தூசி அப்பிக்கொண்டு நிற்கும். விரலால் தடவினால் பிசுபிசுவென்று ஒட்டும். அது ஆயில் சீல் போனதற்கு அடையாளம். துடைத்துவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள், திரும்பவும் அதே இடத்தில் வந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

நம் கரையோர ஊர்களில் இது சீக்கிரம் வருவதற்குக் காரணம் உண்டு. ஷாக்கின் ராடு குரோம் பூசியது. உப்புக் காற்றில் அந்தக் குரோமில் ஊசி முனை அளவுக்குத் துரு பிடிக்கும், கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, நகத்தால் மேலிருந்து கீழாக இழுத்தால் தட்டுப்படும். ராடு ஒவ்வொரு முறை உள்ளே போய் வரும்போதும் அந்தப் புள்ளி ரப்பர் சீலை அறுத்துக்கொண்டே இருக்கும். 2024 நவம்பர் 30-ஆம் தேதி பெஞ்சல் புயல் கரை கடந்ததும், அடுத்த சில நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் கடலூர் பக்கம் புகுந்ததும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அப்போது சேற்றுத் தண்ணீரில் நின்ற வண்டிகளுக்கு இன்ஜின் ஆயிலை மாற்றினார்கள், கார்பரேட்டரைக் கழுவினார்கள், ஆனால் ஷாக்கின் ராடில் காய்ந்த வண்டலைப் பெரும்பாலானவர்கள் கவனிக்கவில்லை. அப்படியே ஓட்டினால் மணல் தாள் வைத்துச் சீலைத் தேய்ப்பது மாதிரிதான். அந்த வெள்ளத்தில் நின்ற வண்டி உங்களிடம் இருந்தால் இன்றைக்கே ஷாக்கைப் பாருங்கள்.

சரி, மாற்றத்தான் வேண்டும் என்றாகிவிட்டது. கடைக்குப் போகிறோம். நாம் கேட்கிற முதல் கேள்வி, "ஜோடி எவ்வளவுண்ணே?" அங்கேதான் தவறு தொடங்குகிறது. விலைக்கு முன்னால் கேட்க வேண்டியவை: இதன் நீளம் என்ன, ஸ்பிரிங் எந்த எடைக்கு, எந்த மாடலுக்கு என்று செய்தது.

நீளம் என்றால் மேல் போல்ட் துளையின் நடுவில் இருந்து கீழ் போல்ட் துளையின் நடு வரைக்கும். கழற்றிய ஷாக்கைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் நிறுத்தி அளந்து பாருங்கள், கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான், போடுங்க" என்று சொன்னாலும் அளந்து பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் கூடினால்கூடப் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும், முன் போர்க் நிமிர்ந்துவிடும், வேகத்தில் ஹேண்டில் பரபரக்கும். சைடு ஸ்டாண்டில் வண்டி அளவுக்கு மீறிச் சாயும், செயின் டைட்டும் மாறிவிடும். குறைந்தாலோ, இரண்டு பேர் ஏறிப் பள்ளத்தில் இறங்கும்போது டயர் மட்கார்டில் உரசும். புல்லட் என்ற ஒரே பெயரில் காஸ்ட் அயர்ன், எலெக்ட்ரா, 2009-க்குப் பிறகு வந்த கிளாசிக் என்று பல வண்டிகள் இருப்பதால் "புல்லட்டுக்குக் கொடுங்கள்" என்று மட்டும் கேட்டால் போதாது, வருஷத்தையும் மாடலையும் சொல்ல வேண்டும். போல்ட் நுழைகிற புஷ்ஷின் உள்விட்டமும் பொருந்த வேண்டும். பொருந்தவில்லை என்று வாஷர் வைத்துச் சமாளிக்கிற வேலையை ஒப்புக்கொள்ளவே கூடாது.

ஸ்பிரிங் விஷயத்தில்தான் குழப்பம் அதிகம். ஸ்பிரிங்கின் வேலை எடையைத் தாங்குவது. ஸ்பிரிங் எழும்பி ஆடாமல் அடக்குவது உள்ளே இருக்கிற ஆயிலின் வேலை: பிஸ்டனில் இருக்கிற சின்னத் துளைகள் வழியாக ஆயில் நெருக்கியடித்துப் போகும்போது அந்த ஆட்டம் சூடாக மாறிக் கரைந்துவிடுகிறது. இந்த இரண்டு வேலையும் வேறு வேறு என்று புரிந்தால் பாதி ஏமாற்றம் நின்றுவிடும். ஏனென்றால் ஆயில் போன ஷாக்கைக் கொண்டுபோனால் நிறையப் பேர் செய்வது, ஸ்பிரிங்குக்குக் கீழே படிப்படியாகத் திருகுகிற வளையமான காலரை இன்னும் ஒரு படி திருகி "டைட் வெச்சாச்சு" என்று அனுப்பிவிடுவது. காலரைத் திருகினால் ஸ்பிரிங் கடினமாகிவிடாது. அது எந்த உயரத்தில் நின்று வேலை செய்கிறது என்பதுதான் மாறும். ஆயில் இல்லாத ஷாக்கில் காலரை எவ்வளவு திருகினாலும் தூக்கிப் போடுவது தூக்கிப் போட்டுக்கொண்டேதான் இருக்கும். அதேபோல் தடித்த கம்பி ஸ்பிரிங்காகப் பார்த்து வாங்குவதும் பிழை. அளவுக்கு மீறிக் கடினமான ஸ்பிரிங் தனியாக ஓட்டும்போது அமுங்கவே அமுங்காது, சக்கரம் மேட்டில் ஏறி இறங்காமல் தரையை விட்டு எழும்பிக் குதிக்கும், ஈரச் சாலையில் பிரேக் பிடிக்கும்போது இது ஆபத்து.

கடைகளில் கிடைப்பவற்றைப் பற்றி என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். பழைய ஷாக்கைத் திறந்து ஆயில், சீல் மாற்றித் தருவது ஒரு வழி. திருகிக் கழற்றக்கூடிய பழைய மாடல் ஷாக்காக இருந்து, ராடில் துருப்புள்ளி இல்லாமல் இருந்து, கைதேர்ந்த ஆள் செய்தால் அது நல்ல வேலை, செலவும் குறைவு. ஆனால் அமுக்கி மூடிய ஷாக்கை அறுத்து, ஆயில் ஊற்றி, வெல்டிங் வைத்துத் தருவதை நம்பாதீர்கள். கேஸ் ஷாக்கில் அந்த வேலையே கூடாது, உள்ளே நைட்ரஜன் அழுத்தத்தில் இருக்கிறது, சூடு காட்டினால் வெடிக்கும். பட்டறைகளில் வேலை செய்கிற பையன்களின் கண்ணும் கையும் போகிற விஷயம் இது.

அடுத்தது, பக்கத்தில் தங்க நிறத்தில் ஒரு குப்பி ஒட்டிக்கொண்டிருக்கும் பளபள ஷாக். இளைஞர்கள் இதைத்தான் கேட்கிறார்கள். உண்மையான ஷாக்கில் அந்தக் குப்பிக்குள் கேஸும், கூடுதல் ஆயிலும் இருக்கும், நிறைய வேலை பார்த்தாலும் சூடேறாமல் காக்கும். குறைந்த விலையில் வருகிற பலவற்றில் அந்தக் குப்பி வெறும் கூடு, உள்ளே ஷாக்கோடு எந்தத் தொடர்பும் இல்லை. அழகுக்குக் கொடுக்கிற பணத்தில் ஆயிலும் சீலும் தரமாக இருக்காது. தாய்லாந்தின் ஒய்எஸ்எஸ், சுவீடனின் ஓலின்ஸ் போன்றவை நிஜமாகவே நல்ல சரக்கு, அதில் மறுப்பில்லை. லடாக் வரைக்கும் சுமையோடு போகிறவர் வாங்கட்டும். வேலைக்குப் போய் வருகிற பழைய 350-க்கு அதற்குக் கொடுக்கிற பணத்தில் இரண்டு டயரும் செயின் செட்டும் மாற்றிவிடலாம்.

எனவே என் கணிப்பு இதுதான்: கம்பெனி உதிரி பாகமாக வருகிற சாதாரண ஷாக், அல்லது கம்பெனிகளுக்கே ஷாக் செய்து கொடுக்கிற கேப்ரியேல் போன்றவர்களின் கேஸ் ஷாக். கேப்ரியேல் 1961 முதல் இந்த வேலையில் இருக்கிறது, நம் ஓசூரிலேயே ஆலை உண்டு. ஜோடி சில ஆயிரம் ரூபாயில் முடிந்துவிடும். கேஸ் ஏன் என்றால், வெறும் ஆயில் ஷாக் தொடர்ந்து குலுங்கும்போது ஆயிலும் காற்றும் கலந்து நுரைத்துவிடும், நுரைத்த ஆயிலுக்கு அடக்குகிற சக்தி கிடையாது. நைட்ரஜன் அழுத்தம் அந்த நுரையைக் கட்டுப்படுத்துகிறது. முள்ளோடை தாண்டி ஒட்டுப்போட்ட சாலையில் இரண்டு பேரோடு ஓட்டிப் பார்த்தால் வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

போலிகளும் உலவுகின்றன, அதனால் பெட்டியில் பார்ட் நம்பர், தயாரித்த மாதம், அதிகபட்ச விலை மூன்றும் அச்சாகியிருக்கிறதா பாருங்கள், பில் கேட்டு வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் இருசக்கர வாகன உதிரி பாகங்களுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது, பழைய வரியில் பில் போட்டால் கேளுங்கள். ஒன்று மட்டும்தான் ஒழுகுகிறது என்று ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது, எப்போதும் ஜோடியாகத்தான். புதிய ஷாக் கடையில் படுத்தே கிடந்திருக்கும், மாட்டுவதற்கு முன் நிமிர்த்திப் பிடித்துச் சில தடவை முழுக்க அமுக்கி விடச் சொல்லுங்கள். மாட்டும்போதே, பின்சக்கரத்தைப் பிடித்து மேலும் கீழும் அசைகிற ஸ்விங் ஆர்மின் புஷ்ஷையும் பார்த்துவிடச் சொல்லுங்கள், ஷாக் கழற்றியிருக்கும்போது சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் லூஸ் கையிலேயே தெரியும். வளைவில் வண்டி பின்னால் நெளிகிறது என்று ஷாக் மாற்றியவர்களில் பலருக்கு உண்மையான கோளாறு அந்தப் புஷ்தான்.

மாட்டிய பிறகு ஒரு அளவு எடுக்க வேண்டும், இதை எந்தக் கடையும் செய்து தருவதில்லை. சென்டர் ஸ்டாண்டில் போட்டால் பின்சக்கரம் தரையில் படாமல் தொங்கும். அப்போது அச்சில் இருந்து நேர் மேலே மட்கார்டில் ஒரு புள்ளி வரை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். பிறகு ஸ்டாண்டை எடுத்து, வழக்கமாக ஏறுகிற ஆட்கள் ஏறி உட்கார, இன்னொருவர் முன்னால் பிடித்துக்கொள்ள, அதே இடத்தைத் திரும்ப அளந்தால் வண்டி எவ்வளவு இறங்குகிறது என்று தெரிந்துவிடும். சக்கரம் மொத்தம் ஏறி இறங்கும் தூரத்தில் நாலில் ஒரு பங்கில் இருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இறங்கினால் சரி. 2009-இல் வந்த கிளாசிக் 350-க்குப் பின்பக்கம் அந்தத் தூரம் 80 மில்லிமீட்டர், ஆகவே 20-லிருந்து 27 மில்லிமீட்டர். அதற்கு மேல் இறங்கினால் காலரை ஒரு படி ஏற்றுங்கள், இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்க வேண்டும். காலரின் கடைசிப் படியிலும் இறக்கம் குறையவில்லை என்றால் அந்த ஸ்பிரிங் உங்கள் சுமைக்குப் பற்றாது.

இந்த வண்டிக்காக இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். 1949-இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்த 350 புல்லட், பின்சக்கரத்துக்கு ஸ்விங் ஆர்மும் ஆயில் ஷாக்கும் வைத்து வந்த முன்னோடி வண்டிகளில் ஒன்று. 1956 முதல் அது நம் சென்னை திருவொற்றியூரில் தயாரானது. அதே அமைப்பு பல பத்தாண்டுகளாகப் பெரிதாக மாறாததால்தான் இன்றைக்கும் இதற்கு உதிரி பாகம் கிடைக்கிறது. பதினைந்து வருஷம் முடிந்து ஆர்சி புதுப்பித்து ஓட்டுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் புது வண்டிக்கு வழியில்லாதவர்கள், ஆசைக்காக வைத்திருப்பவர்கள் அல்ல. அவர்களுக்கு ஒரு ஜோடி ஷாக்கின் விலை என்பது அந்த மாதச் செலவில் விழுகிற துண்டு.

ஷாக்கை மட்டும் குறை சொல்லவும் முடியாது. வேகத்தடை எப்படி இருக்க வேண்டும் என்று இந்தியச் சாலைக் குழுமமே அளவு சொல்லியிருக்கிறது: 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், மேலே வெள்ளை வரி. நம் நகர்களுக்குள் இருப்பவற்றில் பலவும் ஒரு அடி அகலத்துக்குச் சிமென்டைக் குவித்து வைத்தவை, வரியும் கிடையாது. கடலூர் மாநகராட்சியும் புதுச்சேரிப் பொதுப்பணித் துறையும் இவற்றைச் சரிசெய்ய வேண்டும்.

உதிரி பாகம் தயாரிப்பவர்களுக்கு உங்கள் மூலம் ஒரு கோரிக்கை. பெட்டியின் மேல் நீளத்தையும், ஸ்பிரிங் எவ்வளவு எடைக்கு என்பதையும் தமிழிலேயே அச்சடியுங்கள், இன்னொரு வரி மைதான் செலவாகும். உங்களிடம் கேட்பது, வாகனப் பக்கத்தில் ஒரு மூலையைப் பழைய வண்டிகளுக்கு ஒதுக்குங்கள். பட்டறையில் அனுபவப்பட்ட மெக்கானிக்குகளைக் கேட்டு வாரம் ஒரு பாகமாக எழுதலாம். முதலில் செயின் ஸ்ப்ராக்கெட் செட்டை எடுத்துக்கொள்ளுங்கள், அதிலும் இதே நிலைமைதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்